மரச்சாறும் சின்னப் பம்பும்

சில நாள்களுக்கு முன் எங்கள் பள்ளி நூலகத்தில் படப்புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். படத்தில் பனி மூடிய காடு. மரத்துக்கு மரம் ஒரு வாளி தொங்கியது. "சார், இந்த ஊரிலும் மங்கு கட்டிப் பால் எடுக்கிறார்களா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அது மேப்பிள் மரம். கனடாவின் கியூபெக் மாநிலத்திலும், அதை அடுத்த அமெரிக்காவின் வெர்மாண்ட் போன்ற மாநிலங்களிலும் இது காடாக வளர்கிறது. இதன் சாறு தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். அதில் சர்க்கரை நூற்றுக்கு 2 பங்குதான். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். உலகில் கிடைக்கும் மேப்பிள் பாகில் நூற்றுக்கு 70 பங்கு அளவு கியூபெக்கிலிருந்தே வருகிறது.

நம் ரப்பர் மரத்தில் பால் இருப்பது பட்டையில். உளி மரத்தின் உள்ளே பட்டுவிட்டால் காயம் என்று கண்டிக்கிறோம் அல்லவா? மேப்பிள் சாறோ உள்மரத்தில் ஓடுகிறது. ஆகவே பட்டையைச் சீவாமல், மரத்துக்குள் சுமார் 8 மில்லிமீட்டர் அகலத்தில், 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போடுகிறார்கள். நமக்கு விடியற்காலையில் பால் நன்றாக ஓடும். அவர்களுக்கோ இரவில் தண்ணீர் உறையும் குளிரும், பகலில் பனி உருகும் வெயிலும் மாறி மாறி வரவேண்டும். குளிர்காலம் முடியும் தறுவாயில் ஐந்தாறு வாரங்கள்தான் அப்படி அமையும். மொட்டு வெடித்துவிட்டால் சாற்றின் சுவை கெட்டுவிடும். அந்த ஆண்டு வேலை முடிந்தது. ஒரு நாள் கெட்டால் அந்த நாள் திரும்ப வராது. மழைநாளில் வானத்தைப் பார்த்து நிற்கும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

முன்பெல்லாம் வாளி வாளியாகச் சுமந்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் குழாய் வந்தது. மரத்திலிருந்து மரத்துக்குக் குழாயைச் சரிவாகக் கட்டிவிட்டால், சாறு தானே பள்ளத்துக்கு ஓடிவரும். பெரிய காட்டுக்காரர்கள் அந்தக் குழாயின் முனையில் மின்சாரப் பம்பு வைத்தார்கள். ஐம்பது, நூறு மரம் மட்டுமே வைத்திருக்கும் சிறு குடும்பம் என்ன செய்யும்? காட்டுக்குள் மின்கம்பி ஏது? அவர்களுக்குத்தான் 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சின்னப் பம்பு கைகொடுக்கிறது. படகிலும் பயண வண்டியிலும் தண்ணீர் ஏற்றும் பம்பு வகைதான் அது. கையில் தூக்கிவிடலாம்.

இந்தப் பம்பு சாற்றை மரத்திலிருந்து உறிஞ்சிப் பிடுங்குகிறதா? இல்லை. குழாயில் உள்ள காற்றை அது வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். நீங்கள் சிராப் தண்ணீரை உறிஞ்சுகுழலில் குடிக்கும்போது, குழலுக்குள் காற்று குறைகிறது. வெளிக்காற்று பானத்தை அழுத்தி மேலே ஏற்றுகிறது. அதுபோலவே பகலில் மரத்துக்குள் அழுத்தம் இருக்கிறது. குழாயில் காற்று குறைந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூடுகிறது. சாறு எளிதாக வெளிவருகிறது. இந்த வெற்றிடத்தைப் பாதரச அங்குலக் கணக்கில் அளக்கிறார்கள். ஓர் அங்குலம் கூடினால் சாறு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை கூடும் என்று வெர்மாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குழாய் கெட்டியாக இருந்தால், சின்னப் பம்பும் 15 அங்குலத்துக்கு மேல் இழுக்கும்.

பம்பின் உள்ளே ரப்பர் சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அசைகிறது. சின்ன வால்வுகள் திறந்து மூடுகின்றன. இதனால் காற்றையும் சாற்றையும் ஒருங்கே இது தள்ளும். சைக்கிள் பம்பில் தோல் வாசர் காய்ந்துவிட்டால் காற்றுப் பிடிக்காதே, அதுபோல இந்த வால்வுகளும் காயக்கூடாது. வெளிவரும் சாற்றில் சிறிதளவை மெல்லிய குழாய் மூலம் மீண்டும் பம்பின் வாய்க்கே திருப்பிவிட்டால் வால்வுகள் ஈரமாகவே இருக்கும். துளையிட்ட மரத்தூள் அடைக்காமலிருக்கப் பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டியும் வேண்டும்.

இனி பாட்டரிக் கணக்கு. மாணவர்களே, எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரியின் அளவு 100 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். ஈயப் பாட்டரியில் பாதியை மட்டுமே செலவு செய்வது நல்லது. ஆகவே நமக்குக் கிடைப்பது 50. பம்பு 5 ஆம்பியர் எடுத்தால், 50-ஐ 5-ஆல் வகுக்க, 10 மணி நேரம். ஆனால் குளிரில் பாட்டரியின் பலம் குறையும். அந்தப் பத்து மணியையும் முழுதாக நம்பக்கூடாது. ஓய்வாக இருக்கும்போது அளந்தால் நிறைந்த பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்கு வந்தால் மீண்டும் மின்னேற்ற வேண்டும். தீர்ந்துபோன பாட்டரியைக் கடுங்குளிரில் விட்டால் உள்ளிருக்கும் திரவம் உறைந்து பெட்டியே வெடிப்புவிடும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே கம்பியில் ஃபியூஸ் போடவேண்டும். மின்னேற்றும்போது எரியும் வாயு வரும். காற்றோட்டம் வேண்டும், நெருப்பு ஆகாது. இந்த எச்சரிக்கை நம் வீட்டு லாரிப் பாட்டரிக்கும் பொருந்தும்.

மாலை வேலைதான் முக்கியமானது. தண்ணீர் உறைந்தால் பருமன் கூடும். பம்பில் சாறு தேங்கி நின்றால், இரவில் அது பனிக்கட்டியாகிப் பம்பின் தலையைப் பிளந்துவிடும். ஆகவே குளிர் இறங்குமுன் குழாயைக் கழற்றி, சில நொடிகள் பம்பை வெறுமனே ஓடவிட்டு, சாற்றை முழுதும் வடித்துவிட வேண்டும். பம்பையே வீட்டுக்கு எடுத்துப்போவாரும் உண்டு. ஒரு மாலை சோம்பினால், மறுநாள் வெயிலில் மரமெல்லாம் சாறு சொட்டும். பம்போ செத்துக் கிடக்கும்.

இன்னொரு பகை ஓட்டை. கீறிய உறிஞ்சுகுழலில் குடித்துப் பாருங்கள். வாய்க்குள் காற்றுத்தான் வரும். அணில் கடித்த ஒரு சின்னத் துளை நூறு மரத்தின் பலனையும் கெடுத்துவிடும். பம்பை ஓடவிட்டு, நிரை நிரையாக நடக்கவேண்டும். "உஸ்" என்ற ஓசை கேட்கிறதா, குழாய்க்குள் காற்றுக் குமிழிகள் வேகமாக ஓடுகின்றனவா என்று பார்க்கவேண்டும். அளவுமானியின் முள் இறங்கியிருந்தால், குற்றம் பெரும்பாலும் பம்பில் இல்லை, காட்டில்தான் இருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஐயா, அதிகமாக எடுத்தால் மரம் பட்டுப்போகாதா?" என்றார். பால்மரம் அறிந்தவரின் கவலை அது. மரம் தன் சர்க்கரையில் சிறு பகுதியைத்தான் இழக்கிறது. வெற்றிடத்தால் தீங்கு இல்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தீங்கு, துளையில் இருக்கிறது. மெலிந்த மரத்தில் துளையிடுவதும், ஒரே மரத்தில் பல துளை போடுவதும், பழைய காயத்தின் அருகே போடுவதும் மரத்தைக் கெடுக்கும். குறைந்தது 25 சென்டிமீட்டர் குறுக்களவு வந்த பிறகே துளையிடுவார்கள். இளமரத்துக்கு ஒன்றே போதும்.

இப்போது அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் உங்களுக்கும் விளங்கியிருக்கும். ஆம் அம்மா, அங்கேயும் மரத்தை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. பம்பு அவர்களின் தோள்சுமையைக் குறைத்தது. ஆனால் காட்டைச் சுற்றிவரும் காலுக்கும், ஓட்டையைக் கண்டுபிடிக்கும் காதுக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. இயந்திரம் வந்தால் வேலை தெரிந்தவர் தேவையில்லை என்று எண்ணுவது தவறு. மரத்தை அறிந்தவர் கையில்தான் இயந்திரமும் பயன்படும்.