பிள்ளையின் கழுத்தில் சுளுக்கு எடுக்கும் முன்

கோணல் கழுத்து எல்லாம் சுளுக்கு அல்ல

பிள்ளை கழுத்தைச் சாய்த்தபடியே நடந்தால், எண்ணெய் தடவித் தலையை இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று திருப்பிவிடும் வழக்கம் தீர்த்தமலை போன்ற மலையடிவார ஊர்களுக்கு மட்டும் உரியதல்ல; நகரத்திலும் உண்டு. படம் எடுத்துப் பார்க்காமல் அப்படிச் செய்வது ஆபத்து. காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. கழுத்தின் முதல் எலும்பான அட்லஸ் ஒரு வளையம். இரண்டாம் எலும்பிலிருந்து எழும் முளை அந்த வளையத்துக்குள் நிற்கிறது. திரிகையின் மேல்கல் முளையைச் சுற்றுவதுபோல் தலை அதைச் சுற்றித் திரும்புகிறது. கழுத்தின் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மூட்டில்தான். முளைக்குப் பின்னாலேயே தண்டுவடம். பிறவியில் முளை இரண்டாம் எலும்போடு சேராமல் தனித்து நின்றாலோ, அட்லஸ் மண்டையோட்டோடு ஒட்டிப் போயிருந்தாலோ, முளை மண்டையோட்டின் அடிப்பகுதிக்குள் ஏறியிருந்தாலோ, தசைநார் தளர்ந்திருந்தாலோ தண்டுவடம் நசுங்கலாம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் இந்தத் தளர்ச்சி அதிகம். நம் நாட்டில் காசநோயும் இந்த மூட்டை அரிப்பதுண்டு.

செருப்பு நழுவினால் கவனியுங்கள்

இந்த மூட்டுக் கோளாறு எப்போதும் வலியோடு வருவதில்லை. நேற்றுவரை தானே சட்டைப் பொத்தான் போட்ட பிள்ளை இன்று தடுமாறும்; காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கும்; ஓடும்போது அடிக்கடி விழும். குட்டையான கழுத்து, தாழ்ந்த பின்முடிக்கோடு, விழுங்கும்போது புரையேறுதல், லேசாக விழுந்தும் கைகால் சற்றுநேரம் மரத்துப்போதல் ஆகியவையும் எச்சரிக்கைகள். அதற்காகக் கோணல் கழுத்தைக் கண்டதும் கத்தியை நினைத்துப் பதற வேண்டாம். கைக்குழந்தைகளின் தசை இறுக்கம் பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகும். தொண்டைப் புண்ணுக்குப் பின் திடீரென வரும் கோணல், நாட்கணக்கில் கவனித்தால் மருந்தும் கழுத்துப் பட்டையுமாகத் தீரும். மாதக்கணக்கில் விட்டால் அதுவே அறுவைக்குப் போகும். இவற்றைப் பிரித்தறியக் கண் போதாது, எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. வேண்டும்.

‘கழுத்தில் கத்தி வைத்தால் படுத்துவிடுவான்’

இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் வாய்வழியே போய் முளையை அகற்றுவது பல நோயாளிகளுக்குத் தேவைப்பட்டது. அது கடினமான அறுவை. நிலைமை மாறியதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல், முதல் இரு எலும்புகளின் பக்கவாட்டில் தகடும் திருகும் வைத்துப் பிணைக்கும் முறையை 1994இல் வெளியிட்டார். 2001இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ் அதைத் திருகும் கம்பியுமாக மாற்றியமைத்தார். இன்று பெரும்பாலும் பின்கழுத்து வழியாகவே எலும்பை இடத்துக்குக் கொண்டுவந்து பிணைக்கிறார்கள். ஆபத்தே இல்லை என்பது பொய். மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி இந்த எலும்புகளை ஒட்டியே வளைகிறது, இத்தகைய பிள்ளைகளிடம் அது பாதை மாறியும் ஓடும். அதனால்தான் முன்கூட்டியே ரத்தக்குழாய்ப் படம் எடுக்கிறார்கள். ஆனால் ஒப்பிட வேண்டியது அறுவையையும் ஆரோக்கியத்தையும் அல்ல, அறுவையையும் நசுங்கிக்கொண்டிருக்கும் தண்டுவடத்தையும். நடக்கிற பிள்ளைக்குச் செய்யும் அறுவையின் பலன், படுத்துவிட்ட பிள்ளைக்குச் செய்வதில் கிடைப்பது அரிது.

எலும்பைப் பிணைத்தால் வளர்ச்சி நின்றுவிடாதா? கழுத்துத் திருப்பம் குறையும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் பிள்ளைகள் உடம்பையும் திருப்பிப் பழகிக்கொள்கிறார்கள். உயரத்தின் பெரும்பங்கு கால்களிலும் முதுகிலும்தான் கூடுகிறது, இந்த இரண்டு எலும்புகளில் அல்ல. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற வாதம்தான் மோசமானது: தனித்து நிற்கும் முளை வயதானதால் ஒட்டிக்கொள்வதில்லை.

எங்கே போவது

தீர்த்தமலையிலிருந்து முதலில் அரூர் அரசு மருத்துவமனை, அடுத்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கிருந்து சென்னை அரசு மருத்துவமனைக்கோ, 1949இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.க்கோ பரிந்துரை கேட்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம், செருப்பு நழுவுவதையும் பொத்தான் போட முடியாததையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். படம் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை யாரையும் அந்தக் கழுத்தைத் திருப்ப விடாதீர்கள்.