முட்டாளாகப் பிறந்த ‘நைஸ்’

ஆங்கிலம் பேசும் ஒருவரை இன்று ‘நைஸ்’ என்றால் மகிழ்வார். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அன்று அதற்கு முட்டாள் என்று பொருள். இதன் மூலமான லத்தீன் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அறிதலைக் குறிக்கும் ‘ஸ்கிரே’ அதற்குள் இருக்கிறது. ‘சயின்ஸ்’ பிறந்ததும் அதே வேரிலிருந்துதான்.

பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்த சொல், பிறகு ஓரிடத்தில் நிற்கவில்லை. கூச்சம், பிகு, எதிலும் குறை காணும் குணம், நுணுக்கம் என்று பொருள் மாறிக்கொண்டே போனது. 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் பல இடங்களில் அது எந்தப் பொருளில் நிற்கிறது என்று சொல்வது கடினம் என ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே ஒப்புக்கொள்கிறது. ‘இனிமையான’ என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

அந்த மாற்றத்தை ஜேன் ஆஸ்டின் கண்ணெதிரே காட்டுகிறார். அவர் மறைந்த 1817இன் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தேங்கர் அபி’ நாவலில், நாயகி கேத்தரின் தனக்குப் பிடித்த நாவலை உலகிலேயே ‘நைஸ்’ ஆன புத்தகம் என்கிறாள். பைண்டிங் நேர்த்தியைச் சொல்கிறாயா என்று அவளோடு பேசிக்கொண்டிருக்கும் ஹென்றி சீண்டுகிறான். நடை, பெண்கள், புத்தகம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லா என்பது அவன் குறை. உடனே அவன் தங்கை எலினார், அளவுக்கு மீறி நுணுக்கம் பார்ப்பவன் என்ற பழைய பொருளில் அதே சொல்லை அண்ணன் மேலேயே திருப்புகிறாள். ஒரே உரையாடலில் இரண்டு காலத்துப் பொருள்கள். எத்தனை கூர்மையான எழுத்து!

ஹென்றியின் குறை இன்றும் செல்லும். சாப்பாடு நைஸ், சினிமா நைஸ், மனிதர் நைஸ் என்னும்போது எதைப் பற்றியும் எதுவும் சொன்னதாக ஆவதில்லை. ஆங்கிலக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் இதைத் தவிர்த்து, எது பிடித்தது என்று எழுதலாம்.

தமிழில் இந்தச் சொல் அப்படித் தேயவில்லை. “உளுந்தை நைஸா அரைம்மா, அரிசி கொரகொரன்னு இருக்கட்டும்” என்றால் எந்தப் பதம் என்று சமையலறையில் எல்லாருக்கும் தெரியும். துணி நைஸாக இருக்கிறது என்றால் மெல்லியது, வழவழப்பானது. “நைஸா பேசிக் காரியத்தை முடிச்சுட்டான்” என்றால் அதில் தந்திரம் இருக்கிறது. நைஸாக நழுவியவனிடம் இனிமை ஏதுமில்லை. இவற்றைக் கொச்சை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாவின் பதத்தை இதைவிடச் சரியாகச் சொல்ல இன்றைய ஆங்கில ‘நைஸ்’ஸால் முடியாது.