வகுப்பறைக் கருவிகளும் நல்கை வேண்டலும்

தமிழ்த்துறை வகுப்பறைக்குக் கணிப்பொறி, படவீழ்த்தி, வருடி முதலிய கருவிகள் வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அவற்றிற்குரிய நிதி எங்குள்ளது, அதனை எவ்வாறு வேண்டுவது என்பவற்றை அறிந்தார் சிலரே. இவ்வறியாமையால் இழப்பு எய்துவோர் மாணவர். வீட்டிற் கணிப்பொறி இல்லாதார்க்கு வகுப்பறையே அதனைப் பயிலும் இடமாகும். ஆதலின் இப்பொருளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கல்விக்கென நிதி வகுத்தல் தமிழகத்திற்குப் புதியதன்று. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்திலுள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, அங்கு நடைபெற்ற வேதக் கல்லூரிக்கு அளித்த அறக்கொடையைக் கூறுகின்றது. இளநிலை மாணவர் 270 பேர், மேனிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர் என அஃது எண்ணிக்கை தருகின்றது. அவர்க்கு நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லையும் குறிக்கின்றது. அதற்கு முதலாக 45 வேலி நிலம் விடப்பெற்றது. பயன்பெறுவோர் எத்துணையர், ஒருவர்க்கு ஆகும் செலவு யாது, அச்செலவு ஆண்டுதோறும் எவ்வழி வரும் என்னும் மூன்று வினாக்களுக்கும் அக்கல்வெட்டில் விடை உண்டு. இக்காலத்து விண்ணப்பங்களைப் படிப்போர் வினவுவனவும் இம்மூன்றே.

யாம் முதன்முதல் எழுதிய விண்ணப்பத்தில் இவற்றுள் ஒன்றற்கும் விடை இல்லை. தமிழின் தொன்மையை மூன்று பக்கம் விரித்துரைத்து, இறுதியிற் கருவிகளின் பெயரை மட்டும் நிரல்படக் கூறியிருந்தோம். அது மறுக்கப்பட்டது. தொன்மை உண்மையே, ஆயினும் அது கருவி வேண்டுவதற்குக் காரணம் ஆகாது. காரணம் வகுப்பறைக்குள்ளேயே இருந்தது. ஓலைச்சுவடிகளிற் பெரும்பாலும் புள்ளி இடப்பெறுவதில்லை. ரகரமும் காலும் வடிவால் ஒத்திருக்கும். இவற்றை வேறுபடுத்திப் படிக்கும் பயிற்சிக்கு மாணவர் அனைவரும் ஒரே ஓலையை ஒரே நேரத்திற் காணவேண்டும். நாற்பதின்மர் ஓர் ஓலையைச் சூழ்ந்து நின்று காண்டல் இயலாது. வருடியும் படவீழ்த்தியும் இருப்பின் இயலும். இவ்வாறு கற்பித்தலின் இடர்ப்பாட்டை முன்வைத்து, அதனை நீக்கும் கருவியைப் பின்வைத்தல் வேண்டும் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இனி, நிதி வரும் வாயில்களைக் காண்போம். நடுவண் அரசின் நல்கை பெறக் கல்லூரி தகுதியுடையதா என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1956 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக நல்கைக் குழுச் சட்டத்தில் 1972 இற் சேர்க்கப்பெற்ற 12(பி) பிரிவு இத்தகுதியைப் பற்றியது. 2013 இல் ரூசா என்னும் பெயரில் தொடங்கி, 2023 இல் பி.எம். உஷா எனப் பெயர் மாறிய திட்டத்தில் நிதி மாநில அரசின் வழியே நிறுவனத்திற்கு வருவதாகும். அத்தகைய திட்டங்களில் துறை தனித்து நின்று வேண்டுதல் இயலாது. நிறுவனத்தின் திட்டவரைவில் தன் தேவையை உரிய காலத்திற் சேர்ப்பித்தல் வேண்டும். 2000 இல் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டமோ அறிவியல், பொறியியல் துறைகளுக்கு உரியது. அதனைத் தமிழ்த்துறை நாடுதல் வீண் முயற்சியாகும்.

அடுத்தது நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. 1993 இல் தோன்றிய இத்திட்டத்தில் உறுப்பினர் ஒருவர்க்கு ஆண்டிற்கு 5 கோடி ரூபாய் வரையறுக்கப்பட்டது. நிலைத்த சொத்துகளை ஆக்குவதே இதன் நோக்கம். தொடர் செலவிற்கு இதில் இடமில்லை.

மூன்றாவது, நிறுமங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135 ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிகரச் சொத்து 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய ரூபாய் வரம்புகளுள் ஒன்றை எட்டிய நிறுமம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டை இப்பணிக்குச் செலவிடுதல் வேண்டும். கல்வி வளர்ச்சி அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம்பெறுவது. நிறுமம் தான் இயங்கும் வட்டாரத்திற்கு முதன்மை தருதல் வேண்டும் என்பதும் விதி. ஆதலின் தொலைவிலுள்ள பெருநிறுமத்தை நாடுமுன் தம் ஊர்ப்புறத்து ஆலைகளை நாடுதல் தக்கது. பல்லாண்டுத் திட்டங்களையும் இந்நிதி ஏற்கும். தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டு வரை அவை நீளலாம்.

இவ்விரு நிதிகட்கும் உள்ள வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. முன்னது கருவியை வாங்கித் தரும், பேணித் தராது. பின்னதிற் பேணுதற் செலவையும் திட்டத்தின் ஒரு கூறாகச் சேர்த்து வேண்டலாம். யாம் அறிந்த கல்லூரி ஒன்றிற் படவீழ்த்தியின் விளக்கு பழுதுற்றது. புதிய விளக்கிற்குப் பணம் ஒதுக்கப்படாமையால் இரண்டு ஆண்டுகள் அது துணி போர்த்தியபடியே கிடந்தது. அவ்வாண்டுகளிற் பயின்ற மாணவர் திரையில் ஓர் ஓலையையும் காணாமலே பட்டம் பெற்றுச் சென்றனர். விளக்கு, பழுதுபார்ப்பு, மென்பொருள், ஆசிரியர் பயிற்சி என்பவற்றை விண்ணப்பத்திலேயே விலையுடன் குறித்திருந்தால் இந்நிலை நேர்ந்திராது.

நல்கை வந்தபின்னும் கடமை உண்டு. 2017 ஆம் ஆண்டு நடுவண் அரசின் பொது நிதி விதிகள், நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்குமாறு கூறுகின்றன. இச்சான்றிதழ் நிலுவையில் நின்றால் அடுத்த தொகை தடைப்படும். ஒரு துறையின் காலத்தாழ்வு அந்நிறுவனத்தின் பிற துறைகளையும் தாக்கும். எனவே கருவி வந்த நாளிலேயே இருப்புப் பதிவேட்டில் அதனைப் பதிந்து, பற்றுச்சீட்டுகளைத் தொகுத்து வைத்தல் நன்று.

இதுகாறும் கூறியவற்றால், நல்கை வேண்டல் இரத்தல் அன்று என்பதும், கணக்கொடு கூடிய ஒரு கல்விச் செயலே என்பதும் பெறப்படும். சொல்லுக்குச் சொல் சான்று காட்டிப் பழகிய தமிழாய்வாளர்க்கு இது கைவரக் கூடியதே. பாடவேறுபாடு காட்டும் நுண்மையொடு தேவையையும் செலவையும் காட்டுவோமாயின், நம் மாணவர்க்கு உரியது வந்து சேரும்.