லீவு போடாமல் ஒரு பயணம்: சைக்கிள், கூடாரம், ஒரே ஓர் இரவு

சுவீடனில் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 25 நாள் விடுப்பு உண்டு. ஊரில் சொன்னால் "அடேயப்பா" என்பார்கள். ஆனால் அம்மா அப்பாவைப் பார்க்க நான்கு வாரம் போய்வந்தால் 20 நாள் காலி. மிச்சம் ஐந்தில் பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, வீடு மாற்ற ஒன்று. இதனால் என்ன ஆகிறதென்றால், பத்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் ஆபீஸ், இந்தியக் கடை, நண்பர் வீட்டுப் பிறந்தநாள், ஏர்போர்ட் இவற்றைத் தாண்டி எதையும் பார்க்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். குறை சொல்லவில்லை. லீவை ஊருக்குச் செலவழிப்பதுதான் நியாயம், நானும் அதைத்தான் செய்கிறேன். லீவே கேட்காத ஒரு பயணம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் கிளம்புவது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போய், ஏரிக்கரையிலோ காட்டிலோ கூடாரம் போட்டுத் தூங்குவது. ஞாயிறு மதியத்துக்குள் வீட்டில் இருப்பது. அவ்வளவுதான். இதற்கு 'எஸ்24ஓ' என்று பெயர் வைத்தவர் கலிஃபோர்னியாவில் ரிவென்டெல் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன். 24 மணி நேரத்துக்குள் முடியும் ஓர் இரவுப் பயணம் என்று பொருள். கண்டம் கடக்கும் சைக்கிள் பயணத்துக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். வேலையும் குடும்பமும் உள்ளவனுக்கு அது நடக்காது, இது நடக்கும்.

நம் தொழில் பாஷையில் சொன்னால், இது டெஸ்ட் சர்வர். எது உடைந்தாலும் வீடு இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில். மழை கொட்டினால் மூட்டை கட்டித் திரும்பிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

இதற்குச் சுவீடனைப் போல வசதியான நாடுகள் குறைவு. காரணம் அல்லமான்ஸ்ரெட்டன். எல்லாருக்குமான உரிமை என்று தமிழில் சொல்லலாம். அடுத்தவர் நிலமாக இருந்தாலும் அதில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், காட்டுப்பழம் பறிக்கலாம், ஓரிரு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம். பழங்காலத்திலிருந்து வழக்கமாக இருந்த இதை 1994-ல் அரசியல் சாசனத்திலும் சேர்த்தார்கள். நிபந்தனைகள் உண்டு. வீட்டுக்கு அருகில் போடக்கூடாது, பயிர் நிலத்தில் கூடாது, பெரிய கூட்டமாகப் போனால் நில உரிமையாளரைக் கேட்க வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் காப்புக்காடுகளுக்கும் தனித்தனி விதிகள். நுழைவிடத்திலேயே பலகை இருக்கும், நின்று படித்துவிட்டுப் போக வேண்டும். 'தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே' என்பது மொத்தச் சுருக்கம். இங்கே பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது தெரியும், பெற்றோருக்குத்தான் தெரியாது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பர்மிட்டில் இருப்பவர்களுக்கு இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு காலாவதி தேதி இருக்கிறது. கார்டில் தேதி, வாடகை ஒப்பந்தத்தில் தேதி. வேலை போனால் அடுத்த வேலை தேடச் சில மாதங்கள்தான். எந்தக் கவுன்டருக்குப் போனாலும் முதல் கேள்வி எண் என்ன என்பதுதான். காட்டில் படுக்க மட்டும் எண் கேட்பதில்லை. குடிமகனுக்கு உள்ள அதே உரிமை, போன மாதம் வந்து இறங்கியவருக்கும் உண்டு. நம்மைப் போன்றவர்கள் அதிகம் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் உரிமை இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, சாமான். நம்மவர்கள் ஒரு பொருள் வாங்குவதற்கு முன் யூடியூபில் ஆறு மாதம் ரிவ்யூ பார்ப்பார்கள். பார்த்து முடிக்கும்போது கோடை முடிந்திருக்கும். முதலில் எதையும் வாங்க வேண்டாம் என்பேன். சுவீடனின் பல ஊர்களில் 'ஃப்ரிடிட்ஸ்பாங்கென்' என்றொரு இடம் இருக்கிறது. நூலகம் மாதிரி, ஆனால் புத்தகத்துக்குப் பதில் விளையாட்டு, வெளியூர்ப் பயணச் சாமான்கள். 14 நாளுக்கு இலவசமாக எடுத்துப் போகலாம். 2013-ல் வாம்லாந்து பகுதியில் ஒரு சிறிய ஊரில் தொடங்கியது. குளிர்காலத்தில் பிள்ளைக்கு ஸ்கேட்டிங் ஷூ எடுக்கவாவது ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை, ஆபீஸுக்கு ஓட்டும் ஏழு கியர் வண்டியே போதும். டயர் கொஞ்சம் அகலமாக இருந்தால் மண் ரோட்டில் நிம்மதி. முக்கியம் பின்னால் உறுதியான கேரியர். சுமையை முதுகில் மாட்டாதீர்கள். முதுகு நனையும், மேட்டில் வண்டி ஆடும். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகள் வசதிதான், ஜெர்மனியின் ஆர்ட்லீப் பை மழையில் ஒரு சொட்டு விடாது. ஆனால் விலை கண்ணைக் கட்டும். தண்ணீர் புகாத உருளைப்பை ஒன்றைக் கேரியரின் மேல் குறுக்காக வைத்து, பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டிக் கட்டினால் அசையாது. ஊரில் பால் கேன் கட்டுகிறவரிடம் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்லுவார். கனமான சாமான் எப்போதும் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில்.

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்பநிலை எழுதியிருக்கும். சுகமான அளவு, எல்லை அளவு, உயிர் பிழைக்கும் அளவு. கடைக்காரர் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் இரண்டாவது எண். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண்ணை. 28 டிகிரியிலேயே போர்வை தேடிய ஊரில் வளர்ந்தவர்கள் நாம். ஜூலை இரவுகூட இங்கே பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும்.

பேக்கைவிட முக்கியம் அடியில் விரிக்கும் மேட். குளிர் மேலிருந்து வருவதாக நினைக்கிறோம், உண்மையில் தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சுகிறது. படுத்தவுடன் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கி, அதிலுள்ள காற்று போய்விடும், பிறகு அது வெறும் துணி. மேட்டின் தடுப்புத் திறனை 'ஆர் மதிப்பு' என்று எழுதியிருப்பார்கள். கோடைக்கு 2 போதும். செப்டம்பருக்கு 4 இருந்தால் நல்லது. மடித்து வைக்கும் நுரைப்பாய் மலிவு, முள் குத்தினாலும் கவலையில்லை.

கூடாரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்டாக்ஹோமைச் சுற்றி மண்ணுக்குக் கீழே உடனே பாறை. ஆணி இறங்காது. ஆணி இல்லாமலே தானாக நிற்கும் வகையும், உள்ளே கொசு வலையும் அவசியம். இரண்டு பேர் கூடாரம் என்றால் ஒருவரும் ஒரு பையும் என்று அர்த்தம்.

அடுப்புக்கு ட்ராஞ்சியா. 1925-லிருந்து வட சுவீடனின் ட்ரோங்ஸ்விக்கன் கிராமத்துக் கம்பெனி. ஸ்பிரிட்டில் எரியும், கெட்டுப்போக ஒரு பாகமும் இல்லை. சத்தமும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும். ஸ்பிரிட்டில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் பாத்திரத்தில் கரி குறையும். அடுப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: நம் பாட்டி வீட்டுப் பம்ப் ஸ்டவ், அதாங்க, பின் போட்டுக் குத்திப் பற்றவைப்போமே, அதன் மூலமான ப்ரைமஸ் 1892-ல் இதே ஸ்டாக்ஹோமில் உருவானது. செய்தவர் லிண்ட்க்விஸ்ட். இங்கிருந்து கிளம்பிய அடுப்பு நம் அடுக்களை வரை வந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு நம்மிடம் உள்ள அறிவு சுவீடன்காரர்களிடம் கிடையாது. கட்டுச்சோறு என்பதே இதற்கென்று வந்ததுதானே. இரவுக்குப் புளியோதரை, சுட்ட அப்பளம். காலைக்கு, வீட்டிலேயே கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளித்து வறுத்த ரவையை ஜிப் பையில் போட்டுக்கொண்டால், கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் உப்புமா. டிகாக்‌ஷனைச் சின்ன பாட்டிலில் இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள், பால் பவுடர் போதும். கடையில் விற்கும் உலர்ந்த பயண உணவுப் பாக்கெட் ஒன்றின் விலைக்கு ஒரு வாரத்துக்கு ரவை வாங்கலாம்.

இவை தவிர பஞ்சர் கிட், பம்ப், ஒரு மாற்று ட்யூப், தலையில் மாட்டும் விளக்கு, கைப்பிடிச் சிறு மண்வெட்டி (எதற்கு என்று சொல்லத் தேவையில்லை). சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு. இருட்டில் அது சட்டம். மொத்தம் பத்து கிலோவைத் தாண்டாது.

எங்கே போவது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது மேலரன் ஏரித் தீவுகளை. ஸ்டாக்ஹோமிலிருந்து மேற்கே டிராட்னிங்ஹோம் அரண்மனை, அதைத் தாண்டி ஏக்கரோ, பிறகு வட்ட வடிவத் தேவாலயம் உள்ள முன்சோ. அங்கிருந்து மஞ்சள் ஃபெரியில் அடெல்சோ தீவு. அரசுச் சாலைத் துறையின் ஃபெரி, டிக்கெட் கிடையாது. நகர நடுவிலிருந்து ஃபெரி வரை 35 கி.மீ. அளவில் வரும். சில இடங்களில் காரோடு ரோட்டைப் பகிர வேண்டியிருக்கும், அதனால் சனிக்கிழமை மாலை நெரிசலுக்கு முன்பே கிளம்புவது நல்லது. அடெல்சோவில் ஹோவ்கோர்டன், எதிர்த் தீவில் வைகிங் வணிக நகரமான பிர்கா. இரண்டும் 1993 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அந்த இடங்களைத் தொல்லை செய்யாமல் தள்ளிப்போய்க் கூடாரம் போடுங்கள். இதே ஏக்கரோ பக்கம் ஹெல்கோ என்ற தீவில் 1950-களில் தோண்டியபோது ஒரு சின்ன வெண்கலப் புத்தர் கிடைத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வார்க்கப்பட்டவர். யார் கையில் எந்த வழியாக வந்தாரோ, நமக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்.

ஜூனில் சூரியன் பத்து மணிக்கு மறைந்து மூன்றரைக்கு எழும்பிவிடும். கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு துணி வேண்டும். ஆகஸ்டில் இரவு இருட்டாக இருக்கும், புளூபெர்ரியும் கிடைக்கும். என் ஓட்டு ஆகஸ்டுக்கு.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏன்டா, காசில்லையா? ஒரு ரூம் போட்டுத் தங்க வேண்டியதுதானே? பாம்பு இருக்காதா?" என்றார். இருக்கிறது. ஹக்கோர்ம் என்ற விரியன் ஒன்றுதான் இங்கே விஷப்பாம்பு, அதுவும் சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும். உண்மையான எதிரி எள்ளளவு உண்ணி. ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் அது கடித்தால் டி.பி.இ. என்ற மூளைக்காய்ச்சல் வரலாம். தடுப்பூசி உண்டு, பல தவணை என்பதால் வசந்தத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். உண்ணியால் வரும் இன்னொரு நோய் பொரேலியா. அதற்கு இங்கே தடுப்பூசி போடுவதில்லை. காலையில் முட்டிக்குப் பின்னாலும் அக்குளிலும் பார்த்து, உண்ணியைக் குறடால் தோலை ஒட்டிப் பிடித்து எடுத்துவிட வேண்டும். நெருப்பு அடுத்தது. பாறை மேல் விறகு மூட்டினால் பாறை வெடித்து அந்த வடு போகவே போகாது. 2018 கோடையில் இந்த நாட்டுக் காடுகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் விறகைத் தொடவே யோசிப்பார்கள். கிளம்பும் முன் அந்தந்த நகராட்சியில் தீத்தடை இருக்கிறதா, அடுப்புக்கும் சேர்த்தா என்று பார்த்துவிடுங்கள். 'பிராண்ட்ரிஸ்க் யூட்டே' என்ற செயலி சொல்லும்.

ஈரக் கூடாரத்தை வீட்டுக்கு வந்ததும் உலர்த்தாவிட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்குப் பொதுச் சலவை அறையின் உலர்த்தும் அறைதான் வழி, ஞாயிறு மாலைக்கு முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடுங்கள். நான் அங்கே கூடாரத்தைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தபோது, மூன்று வருடமாக லிஃப்டில் 'ஹேய்' மட்டும் சொல்லிவந்த எதிர்வீட்டுப் பெரியவர் துணிக்கூடையோடு வந்து நின்றார். எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு, அடெல்சோவின் மேற்குக் கரையில் தன் அப்பா காட்டிய ஓர் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய சலவை நேரம் முடியும்வரை பேசினோம்.