பரிசா, விஷமா?

உருவம் ஒன்று, அர்த்தம் வேறு. எல்லை தாண்டியதும் குணம் மாறும் ஐரோப்பியச் சொற்கள் சிரிப்பை மட்டும் வரவழைக்கவில்லை. ஓர் இளைஞனை முடக்கிப் போட்டும் இருக்கின்றன.

1980 ஜனவரி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டான். கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பம். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ், ஆங்கிலம் அரைகுறை. சாப்பிட்ட ஹாம்பர்கர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சந்தேகம். டாக்டரிடம் அவர்கள் சொன்ன சொல்: 'இன்டாக்ஸிகாடோ'.

கியூபாக்காரர்களின் ஸ்பானிஷில் இதற்கு, தின்றதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டுப்போனவன் என்று பொருள். டாக்டரின் காதில் விழுந்தது ஆங்கிலத்தின் 'இன்டாக்ஸிகேட்டட்'. அதாவது, போதையேறியவன். மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டுவிட்டான் என்ற முடிவில் சிகிச்சை தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர் யாரையும் அழைக்கத் தோன்றவில்லை. இரு தரப்புக்குமே தாங்கள் பேசியது புரிந்துவிட்டதாகத்தான் நினைப்பு. உண்மையில் இளைஞனின் மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கை கால்கள் முடங்கின. வழக்கு தொடரப்பட்டு, ஆயுள் முழுவதற்குமான நஷ்டஈடாக ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம் டாலர் என்று முடிவானது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு சொற்களுக்கும் தாய் ஒன்றே. கிரேக்க மொழியில் 'டாக்ஸான்' என்றால் வில். அம்பு முனையில் தடவும் விஷம் 'டாக்ஸிகான்' ஆயிற்று. லத்தீன் அதைக் கடன் வாங்கி மகள் மொழிகளுக்கெல்லாம் பங்கு போட்டது. ஸ்பானிஷ் விஷத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. அன்றாட ஆங்கிலமோ மெல்ல மதுக்கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டது.

இப்படி முகம் ஒன்றாகவும் மனம் வேறாகவும் இருக்கும் சொற்களுக்கு 'போலி நண்பர்கள்' என்று பெயர். 1928இல் மாக்ஸிம் கெஸ்லர், ஜூல் தெரொகிஞ்ஞி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலச் சொற்களின் துரோகங்கள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். 'ஃபோஸாமி' என்ற பிரெஞ்சுத் தொடர் அதிலிருந்துதான் பரவியது. தெரியாத சொல்லைக் கண்டால் யாரும் அகராதியைப் புரட்டுவார்கள். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லுக்கு யார் புரட்டப் போகிறார்கள்?

இந்தக் கூட்டத்தின் தலைவன் என்று 'கிஃப்ட்' என்ற சொல்லைச் சொல்லலாம். ஆங்கிலத்தில் பரிசு. ஜெர்மனியில் இதே எழுத்துகளுடன் ஒரு புட்டி இருந்தால் தொடாமல் இருப்பது நல்லது. அங்கே அதற்கு விஷம் என்று பொருள். சுவீடன் போனால் உச்சரிப்பு 'யிஃப்ட்' என்று மாறுகிறது. விஷம் என்ற பொருள் அப்படியே இருக்க, கூடவே 'திருமணமானவர்' என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது. சுவீடன்காரர்கள் இதை வைத்து அடிக்கும் ஜோக்குகளை ஊகிப்பது கஷ்டமில்லை.

மூன்றும் பிறந்தது 'கொடு' என்ற ஒரே வேரில். பெண்ணைக் கொடுப்பது திருமணம். கையில் கொடுப்பது பரிசு. விஷத்தின் கதைதான் சுற்றுவழி. ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தை கிரேக்கர்கள் 'டோசிஸ்' என்றார்கள். அதற்கும் 'கொடுப்பது' என்றுதான் அர்த்தம். இன்று நாம் சொல்லும் 'டோஸ்' அதன் வாரிசு. இந்தத் தடத்தில் ஜெர்மன் 'கிஃப்ட்'டும் கொடுக்கப்படும் மருந்தாகி, பிறகு விஷத்தை நாசூக்காகக் குறிக்கும் சொல்லாகி, கடைசியில் விஷமாகவே நின்றுவிட்டது. பழைய பொருள் ஜெர்மனில் அடியோடு அழியவில்லை. மணப்பெண் கொண்டுவரும் சீருக்கு அங்கே 'மிட்கிஃப்ட்' என்று பெயர். வரதட்சணைச் சாவுகளின் செய்தியைப் படித்துப் பழகிய இந்தியர்களுக்கு அந்தச் சொல் சற்று உறுத்தலாம். பரிசும் விஷமும் ஒரே சொல்லில் குடியிருப்பதைக் கண்டு வியந்த பிரெஞ்சு மானுடவியலாளர் மார்ஸெல் மோஸ் 1924இல் அதைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார்.

ஸ்லாவிய மொழிகள் இன்னும் நெருங்கிய உறவு. அதனால் வம்பும் அதிகம். செக் தலைநகர் பிராகில் இறங்கும் ரஷ்யரின் கண்ணில் முதலில் படுவது 'போஸர்' என்ற எச்சரிக்கைப் பலகை. செக்கில் 'கவனம்', ரஷ்ய மொழியிலோ 'அவமானம்'. பார்த்தல் என்ற வேரிலிருந்து வந்த சொல் இது. செக் மொழியில் நாம் பார்க்கிறோம். ரஷ்ய மொழியில் ஊரே நம்மைப் பார்க்கிறது! அதே ரஷ்யர் ரொட்டிக் கடைக்குப் போனால் 'செர்ஸ்த்வி' என்று எழுதி விற்கிறார்கள். செக்கில் அது புத்தம் புதியது. அவர் ஊரில் காய்ந்துபோன பழைய ரொட்டி.

மேற்கே லத்தீன் குடும்பத்திலும் இதே கதைதான். 'புர்ரோ' கேட்டால் இத்தாலியில் வெண்ணெய் வரும். ஸ்பெயினில் அது கழுதை. தப்பாகப் பேசிவிட்ட கூச்சத்தில், ஆங்கிலத்தின் 'எம்பரஸ்ட்' நினைவில் 'எம்பரஸாடா' என்று சொல்லும் பெண், தான் கர்ப்பமாக இருப்பதாக ஸ்பானியர்களுக்கு அறிவித்துவிடுகிறாள்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற ரகம். எண்களில் அந்தச் சலுகை இல்லை. ஆங்கிலத்தில் இன்று பில்லியன் என்றால் நூறு கோடி. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அதே உருவச் சொல்லுக்கு ஒரு லட்சம் கோடி என்று பொருள். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் நூறு கோடிக்கு 'மில்லியார்ட்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் பில்லியன் முன்பு லட்சம் கோடியாகத்தான் இருந்தது. 1974இல் பிரதமர் ஹெரால்ட் வில்சனின் அரசு, இனி அரசாங்கக் கணக்குகளில் அமெரிக்க வழக்கமே என்று அறிவித்தது. பொருளாதாரச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் இன்றும் இந்த இடத்தில் ஒருமுறைக்கு இருமுறை பூஜ்யங்களை எண்ணுகிறார்கள்.

ஒப்பந்த வாசகங்களிலும் இந்த ஆபத்து உண்டு. ஆங்கிலத்தில் 'டிலே' என்றால் தாமதம். பிரெஞ்சு 'தெலே'க்குப் பொருள், ஒரு காரியத்தை முடிக்கத் தரப்படும் கெடு. கெடுவுக்குள் முடிப்பது எங்கே, தாமதமாக முடிப்பது எங்கே! இந்திய வாசகர்களுக்கு இதைப் புரியவைக்க 'அவகாசம்' என்ற சொல் போதும். தமிழில் அது கால அளவு, இந்தியில் விடுமுறை, தெலுங்கில் வாய்ப்பு, மலையாளத்தில் உரிமை.

பிரஸ்ஸல்ஸிலும் லக்ஸம்பர்கிலும் இது தினசரித் தலைவலி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 24 ஆட்சிமொழிகள். ஆனால் அலுவலகக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களால். பிரெஞ்சு அதிகாரி 'கன்ட்ரோல்' என்று எழுதினால் கட்டுப்படுத்துவதாக அர்த்தமில்லை, சரிபார்க்கிறார், அவ்வளவே. அந்தச் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாவது ஏட்டின் பழைய பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்ததுதான். அவர் 'ஈவன்சுவல்' என்று எழுதுவது நடக்கக்கூடியதை. ஆங்கிலேயர் படிப்பது முடிவில் நடந்தே தீர்வதை. மானியம் கிடைக்கக்கூடும் என்பதற்கும் கடைசியில் கிடைத்துவிடும் என்பதற்கும் உள்ள இடைவெளி விண்ணப்பித்தவருக்குத்தான் தெரியும்.

பொறுக்க முடியாமல், ஒன்றியத்தின் தணிக்கை அமைப்பைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இப்படித் தடம் மாறிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்தார். அந்தப் பட்டியல் 2013இல் வெளியாகி, 2016இல் மறுபடியும் திருத்தி வெளியிடப்பட்டது. அதிகாரிகள் படித்து ரசித்தார்கள், பழக்கத்தை விடவில்லை. 2020இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டே வெளியேறிவிட்டது. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாடுகளில் இப்போது உள்ளே மிஞ்சியிருப்பவை அயர்லாந்தும் மால்டாவும்தான். பிரஸ்ஸல்ஸ் குறிப்புகளில் 'கன்ட்ரோல்' இன்னமும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது.