ஆட்டத்தை ஏட்டில் எழுதுவது எப்படி?

தாயம் உருட்டாத வீடு நம் ஊரில் அரிது. அதைப் போலவே பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் ஒன்று துருக்கி, ஈரான் முதல் ஐரோப்பா, அமெரிக்கா வரை ஆடப்படுகிறது. அதன் பெயர் பேக்கேமன். சென்ற கோடை விடுமுறையில் சித்தப்பா துபாயிலிருந்து அந்தப் பலகையைக் கொண்டு வந்தார்.

ஒருநாள் இரவு நானும் தங்கையும் ஆடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் தடைப்பட்டது. விளக்கு எரிந்ததும் என் காய் ஒன்று இடம் மாறியிருப்பதாகத் தோன்றியது. "நீதான் நகர்த்தினாய்" என்றேன். அவள் அழுதே விட்டாள். உண்மையைக் காட்ட எங்களிடம் ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. ஆட்டத்தைச் சுருக்கமாக எழுதி வைக்க ஒரு முறை வேண்டும் என்று அன்றுதான் நினைத்தேன்.

பலகையில் 24 வீடுகள். ஒவ்வொருவருக்கும் 15 காய்கள். இருவரும் எதிரெதிர்த் திசையில் செல்வர். காய் வெளியேறும் பக்கத்திலுள்ள கடைசி வீட்டை 1 என்றும், மிகத் தொலைவிலுள்ளதை 24 என்றும் அவரவர் எண்ண வேண்டும். என் 24 தங்கைக்கு 1. என் 15 அவளுக்கு 10. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 25 வரும்.

முதலில் காய் சேரும் வீட்டை மட்டும் எழுதினேன். அது போதவில்லை. 5-ஆம் வீட்டுக்கு வந்த காய் 8-லிருந்து வந்ததா, 6-லிருந்து வந்ததா? ஆகவே புறப்பட்ட வீடு, ஒரு சாய்கோடு, சேர்ந்த வீடு என்று எழுதினேன். முன்னால் பகடை எண்களையும் சேர்த்தேன்.

31: 8/5, 6/5

அதாவது 3-ம் 1-ம் விழுந்தன. இரு காய்கள் 5-இல் சேர்ந்தன. எதிராளி இனி அங்கே இறங்க முடியாது. இரட்டை விழுந்தால் நான்கு நகர்த்தல்கள் உண்டு. அதை 66: 24/18(2), 13/7(2) என்று சுருக்கலாம். வெட்டினால் ஒரு நட்சத்திரக் குறி. வெட்டுண்ட காய் பலகையின் நடுவில் காத்திருக்கும். 5 விழுந்து உள்ளே வந்தால் நடு/20. வெளியேறும் காய்க்கு நம் தாயத்துச் சொல்லையே வைத்தேன்: 6/பழம்.

கழித்துப் பார்த்தாலே பகடை எண் தெரியுமே, அதை ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆட்ட முடிவில் 6 விழுந்து, 6-லும் 5-லும் காய் இல்லாவிட்டால் 4-இல் உள்ள காய் பழமாகும். அப்போது கழித்தல் உதவாது. மேலும், பகடை எண் அருகில் இருந்தால் நகர்த்தியது சரியா என்றும் சோதிக்கலாம்.

சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, பால் மக்ரியல் 1976-இல் வெளியிட்ட நூலின் வழியாக ஏறக்குறைய இதே முறை முன்பே பரவிவிட்டது என்றார். எனக்குச் சற்று ஏமாற்றந்தான்.

எழுதி வைப்பதன் பயன் பெரிது. முதல் ஆட்டத்தில் 2-ம் 1-ம் விழுந்தால் 13/11, 6/5 என்று ஆடுவது தேர்ந்த ஆட்டக்காரர் பலரின் வழக்கமாக இருந்தது. 1992-இல் ஜெரால்டு டெசாரோ ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாக்கிய டி.டி.-கேமன் என்னும் கணிப்பொறி நிரல், தன்னோடு தானே இலட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்று, 13/11, 24/23 என்று ஆடியது. வல்லுநர்கள் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டனர்.

எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கம் மாறியது. ஒருநாள் நான் வெற்றிப் பெருமிதத்துடன் 64: 24/15* என்று எழுதினேன். தங்கை ஏட்டைப் பார்த்து, "அக்கா, 24-இல் 15 போனால் 9. உனக்கு விழுந்தது 10 அல்லவா?" என்றாள். அவள் காயைத் திரும்ப வைத்தேன். மின்சாரம் போன அந்த இரவிலும் தவறாக எண்ணியது நானாகவே இருக்கலாம். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு