அஞ்சாது தொடங்க ஒரு குறுந்தட்டு

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. நல்ல அறிவுரைதான். ஆயினும், கூர்த்த மதியுடைய மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, காலை விடாமல் ஆழத்தை அறிவது எங்ஙனம்?" என்று கேட்பானாகில், ஆசிரியர் சற்றே தயங்கித்தான் விடை கூற வேண்டும். கணினிக் கல்வியில் இந்தக் கேள்வி நாள்தோறும் எழுகின்றது. பல வீடுகளில் கணினி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். தமக்கையின் ஆய்வேடு அதில் இருக்கும். தந்தையின் கடைக் கணக்கு அதில் இருக்கும். மறைந்த பாட்டியின் நிழற்படங்களும் அதில்தான் இருக்கும். அத்தகைய பொறியில் புதியதோர் இயங்குதளத்தைப் பழகிப் பார்க்க வேண்டும் என்று வீட்டின் இளையவன் சொன்னால், "தொடாதே" என்று பெரியோர் தடுப்பது இயல்பே. தொடாமல் கற்பதோ இயலாத காரியம். இந்த இடர்ப்பாட்டினின்றும் நம்மை மீட்க எழுந்த எளிய சாதனமே 'லைவ் சி.டி.' என வழங்கும் குறுந்தட்டு. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் புதிதாய்க் கற்கப் புகுவோர்க்கு அது எவ்வாறு துணை செய்கின்றது என்பதை இன்று காண்போம்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். விசைப்பலகையில் தட்டியதைத் திரையில் எழுத்தாக்குவது, கோப்புகளை ஒழுங்காகக் காப்பது, ஒலியை எழுப்புவது, வலையோடு இணைப்பது ஆகிய எல்லாப் பணிகளையும் ஒருங்கே நடத்தும் தலைமை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் இயங்குதளம், லினக்ஸும் அத்தகையதே. வழக்கமாக இயங்குதளம் குடியிருக்கும் இடம் கணினியின் உள்ளே உள்ள நிலைவட்டு. அது, மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறவாத களஞ்சியம். ரேம் என்னும் நினைவகமோ வகுப்பறைக் கரும்பலகையைப் போன்றது. பாடம் நடக்கும் வரையில் எழுத்து நிற்கும். மின்சாரம் நின்றதும் துடைத்தாற்போல் மறைந்துவிடும். இவ்விரண்டின் வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இனி வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழித்தெழுவது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரலேயாகும். பழைய பொறிகளில் அதனைப் பயாஸ் என்பர், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்பர். அது உறுப்புகளைச் சரிபார்த்துவிட்டு, "இயங்குதளம் எங்கே?" என்று தேடத் தொடங்குகின்றது. எங்கெங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. நாள்தோறும் நிலைவட்டை நாடிச் செல்லும் அந்நிரலை, "இன்று குறுந்தட்டிடம் முதலில் செல்" என்று நாம் ஏவலாம். ஏவினால், தட்டில் உள்ள லினக்ஸை அது எழுப்பும். நிலைவட்டில் உள்ள விண்டோஸ் தன் பாட்டில் உறங்கிக்கொண்டிருக்கும்.

திருமண வீட்டுக்கு வரும் சமையற்காரரை எண்ணிப் பாருங்கள். அடுப்பும் தண்ணீரும் வீட்டாருடையவை. அண்டாவும் கரண்டியும் மளிகையும் அவர் கொண்டுவந்தவை. வீட்டுக் களஞ்சியத்தின் பூட்டை அவர் தொடுவதில்லை. விருந்து முடிந்ததும் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். லைவ் சி.டி.யும் அங்ஙனமே. திரை, செயலி, நினைவகம் ஆகிய அடுப்பையும் தண்ணீரையும் மட்டும் நம்மிடம் பெற்றுக்கொண்டு, மற்றவற்றைத் தானே கொண்டுவந்து வேலை செய்கின்றது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தட்டில் உள்ளதை மாற்றி எழுத முடியாதே; நாம் புதிய கோப்பு ஒன்றை ஆக்கினால் அது எங்கே போகும்? அச்சிட்ட நிலப்படத்தின் மீது மெல்லிய தாளை விரித்து, அத்தாளின் மேல் ஆறும் மலையும் வரைந்து பழகியிருப்பீர்கள். பார்ப்பவர் கண்ணுக்குப் படமும் கோடும் ஒன்றாகவே தோன்றும். படத்திலோ ஒரு கீறலும் இராது. அதுபோல, தட்டில் உள்ள மாறாத பகுதியின் மேல் நினைவகத்தில் ஒரு மெல்லிய தாள் விரிக்கப்படுகின்றது. நாம் செய்யும் மாற்றம் எல்லாம் அத்தாளிலேயே பதியும். பொறியை நிறுத்தியதும் தாள் மறைந்துவிடும். ஆதலின், லினக்ஸின் அமைப்புகளை நீங்கள் எத்துணை கலைத்துப் போட்டாலும், மறுமுறை தொடங்கும்போது எல்லாம் புதிதாகவே இருக்கும்.

இந்த வசதி வந்த வரலாற்றையும் சிறிது அறிய வேண்டும். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், யாவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடைய இயங்குதளம் ஒன்றை ஆக்கும் பொருட்டுக் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21-ஆம் வயதில், இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதி உலகறிய வெளியிட்டார். மறு ஆண்டில் அதனைக் குனூ உரிமத்தின் கீழேயே கொண்டுவந்தார். இவ்விரு முயற்சிகளும் இணைந்தே முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. விலையின்மை அதன் சிறப்புகளுள் ஒன்றே. உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் உரிமையே தலையாய சிறப்பு. மாணவர்க்கு இதனினும் பெரிய நூலகம் வேறு யாது?

ஆயினும் அந்நாளில் லினக்ஸைப் பழகிப் பார்ப்பது எளிதன்று. நிலைவட்டைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒலியட்டையின் பெயர் முதலாகப் பலவற்றை நாமே அறிந்து சொல்ல வேண்டும். 1992-ஆம் ஆண்டிலேயே இக்ட்ராசில் என்னும் தொகுப்பு குறுந்தட்டிலிருந்து இயங்கிக் காட்டியது உண்மையே. ஆனால் அவ்வழியைப் பொதுமக்கள் வழியாக்கிய பெருமை ஜெர்மானியப் பொறியியலாளர் கிளாஸ் நாப்பரைச் சாரும். 2000-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நாப்பிக்ஸ், பொறியின் உறுப்புகளைத் தானே கண்டறிந்து கொண்டது. 700 எம்.பி. மட்டுமே கொள்ளும் தட்டில் ஏறத்தாழ 2 ஜி.பி. அளவுள்ள நிரல்களை அவர் சுருக்கி அடைத்தார். வேண்டிய பகுதி மட்டும் வேண்டியபோது விரியும். பார்வை குன்றிய தம் மனைவிக்கும் உதவும் பொருட்டு, திரையில் உள்ளதைப் பேச்சாக ஒலிக்கும் அமைப்பையும் பின்னர் அதில் சேர்த்தார். 2004-ஆம் ஆண்டில் தோன்றிய உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் அஞ்சல் வழியே குறுந்தட்டை இலவசமாக அனுப்பிற்று. 2011 வரையில் அப்பணி நடைபெற்றது. 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த அதன் பதிப்பு குறுந்தட்டின் கொள்ளளவை மீறிவிட்டது. இன்று குறுந்தட்டின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்துக்கொண்டது. கலம் மாறினும் கருத்து மாறவில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். 8 ஜி.பி. அளவுள்ள பென் டிரைவ் ஒன்று போதும். அதில் முன்பிருந்தவை எல்லாம் அழிந்துவிடும் ஆதலால், வெறுமையானதையே தேர்ந்தெடுங்கள். தொடங்குவோர்க்கு ஏற்ற தொகுப்புகளுள் லினக்ஸ் மின்ட் ஒன்று. அதற்குக் குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் வேண்டும், 4 ஜி.பி. இருந்தால் நலம். அதன் சொந்த வலைத்தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. என முடியும் பெரிய கோப்பைத் தரவிறக்குங்கள்.

இறங்கிய கோப்பை உடனே நம்பிவிடலாகாது. ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்தும் எண்ணும் கொண்ட சரிபார்ப்புத் தொகை ஒன்றை வெளியிட்டிருப்பார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தொகை முற்றிலும் மாறிவிடும். நம்மிடம் உள்ள கோப்புக்குத் தொகை கண்டு, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இது வீண் வேலை என்று எண்ணாதீர்கள். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று, லினக்ஸ் மின்ட் வலைத்தளத்தினுள் புகுந்த தீயோர், தரவிறக்க இணைப்பை மாற்றிக் கள்ளக் கோப்பு ஒன்றைச் சுட்டுமாறு செய்துவிட்டனர். அதனை அறிந்த லினக்ஸ் மின்ட் குழுவினர் உண்மைக் கோப்புகளின் தொகைகளை அறிவித்தனர். ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பினர். கணக்கைப் போட்டபின் விடையைச் சரிபார்க்கும் பழக்கம் இங்கும் கைகொடுக்கின்றது.

அடுத்து, கோப்பைப் பென் டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்து வைத்தால் பொதுவாகக் கணினி அதிலிருந்து எழும்பாது. ரூஃபஸ், எட்சர் போன்ற நிரல்கள் இதற்கென்றே உள்ளன. எழுதி முடித்தபின் கணினியை முழுவதுமாக நிறுத்துங்கள். மீண்டும் பொத்தானை அழுத்தியவுடனே, தேடும் வரிசையைக் காட்டும் விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ பொறிகள் பலவற்றில் அது எஃப்-12, எச்.பி. பொறிகளில் பெரும்பாலும் எஃப்-9. தோன்றும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், சில நிமிடங்களில் லினக்ஸின் முகப்பு கண்முன் நிற்கும். ஒன்றை மட்டும் முன்னதாகவே செய்து வையுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் பூட்டு போடப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க அமைப்புகளை மாற்றும்போது சில பொறிகள் அச்சாவியைக் கேட்பது உண்டு.

முகப்பைக் கண்டதும் என்ன செய்வது? ஆய்வுக்கூடத்தில் செய்வது போல முறையாகச் சோதியுங்கள். கம்பியில்லா இணைப்பு கிடைக்கின்றதா? ஒலி வருகின்றதா? திரை தெளிவாக இருக்கின்றதா? அச்சுப்பொறியை அது அறிந்துகொள்கின்றதா? 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பயனாக வந்த 'தமிழ் 99' விசைப்பலகை முறையும் லினக்ஸில் உண்டு. அதனைச் சேர்த்துத் தமிழில் ஒரு பக்கம் தட்டிப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து இயங்குவதால் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும். அதைக் கொண்டு லினக்ஸே மந்தம் என்று தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். தட்டிய பக்கம் நிலைக்க வேண்டுமானால் வேறொரு பென் டிரைவில் சேமியுங்கள். இல்லையேல் பொறியை நிறுத்தியதும் அது மறைந்துபோகும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சமையற்காரர் களஞ்சியத்தைத் தாமாகத் தொடுவதில்லை. சாவியை நாமே கொடுத்துவிட்டால் கதை வேறு. முகப்பிலேயே 'நிறுவுக' என்னும் பொருளுடைய படக்குறி ஒன்று இருக்கும். அதனை அழுத்தி, "வட்டு முழுவதையும் அழி" என்னும் வாய்ப்பைத் தேர்ந்து, உறுதியும் செய்துவிட்டால், தமக்கையின் ஆய்வேடும் பாட்டியின் படமும் போய்விடும். பழகும் காலத்தில் அப்படக்குறியின் பக்கம் போகவே வேண்டா. அவ்வாறே, லினக்ஸிலிருந்து நிலைவட்டைத் திறந்து பார்க்க முடியும் என்பதால், அங்குள்ள கோப்புகளை அழிக்கவும் முடியும் என்பதை மறவாதீர்கள். பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையே உள்ள எல்லையைக் காப்பது பயில்வோர் பொறுப்பு.

அதே சாவி, ஆபத்துக் காலத்தில் அருமருந்தும் ஆகும். தேர்வுக்கு முந்தின நாள் விண்டோஸ் எழும்ப மறுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளம் பழுதானால் கோப்புகளும் அழிந்தன என்று பலர் கலங்குவர். அது பெரும்பாலும் உண்மை அன்று. வாயிற்கதவு சிக்கிக்கொண்டதே தவிர, வீடு எரிந்துவிடவில்லை. லைவ் பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, நிலைவட்டைத் திறந்து, வேண்டிய கோப்புகளை வேறொரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம். பூட்டிய வட்டாயின் முன் சொன்ன மீட்புச் சாவி வேண்டும். வட்டே உடைந்து விந்தையான ஓசை எழுப்பினால், மேலும் முயலாது உடனே நிறுத்தி, வல்லுநரிடம் கொண்டு செல்வதே அறிவுடைமை.

இன்றைய காலத்தில் இவ்வறிவு மற்றொரு வகையிலும் தேவைப்படுகின்றது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. பழைய கணினிகள் பல, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு உறுப்பு முதலியவை இல்லாமையால், அதனை ஏற்கும் தகுதி பெறவில்லை. அவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடுமுன், லினக்ஸ் அதில் நன்கு இயங்குகின்றதா என்று ஒரு மாலைப் பொழுதில் சோதித்துப் பார்க்கலாம். புதுப் பொறி வாங்க இயலாத குடும்பத்தில், அந்த ஒரு மாலைச் சோதனை ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றக்கூடும். நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் தொகுப்பை இந்திய மொழிகளுக்கு ஏற்ப உருவாக்கியுள்ளது.

மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். முதல் நாள், வீட்டார் அனுமதியுடன், முக்கியக் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். இரண்டாம் நாள், தரவிறக்கி, தொகையைச் சரிபார்த்து, பென் டிரைவில் எழுதுங்கள். மூன்றாம் நாள், லினக்ஸை எழுப்பி, எது இயங்கிற்று, எது இயங்கவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர்க் கணினியை நிறுத்தி, பென் டிரைவை எடுத்துவிட்டு, மீண்டும் தொடங்குங்கள். வழக்கமான விண்டோஸ் முன்பிருந்தபடியே எழுந்து நிற்பதை வீட்டாருக்குக் காட்டுங்கள். "தொடாதே" என்ற பெரியோரும் அடுத்த முறை உங்கள் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து பார்ப்பார்கள். பழகுவதற்கு அஞ்ச வேண்டா. நிறுவுவதற்கு விரைய வேண்டா.